தலைக்கட்டு வரி

கோடாங்கி "ஏ மாயா" என்று கூப்பிட்டதும்
ஏழெட்டுத் தலைகள் திரும்பின.
ஒன்று அவனுடையது.

ரத்த வங்கியில் அவன் பெயர் பிரதீப்.
மூன்று மாதத்துக்கொரு தடவை வந்து
இடது கையை நீட்டிப் படுத்துக்கொள்வான்.
பி நெகட்டிவ். சுலபத்தில் அகப்படாது.
அதனால் நான்தான் முதலில் போன் செய்தேன்.
அப்புறம் யாருக்கும் ரத்தம் தேவைப்படாத
நாட்களிலும் செய்தேன்.

இரண்டு வருஷம்.
ஒரே சாதி என்று தெரிந்திருந்தது;
பயமில்லாமல் இருந்துவிட்டோம்.
அவர்கள் தாத்தா காலத்திலேயே
கம்பத்துக்குப் பிழைக்கப் போனவர்கள்.
வீட்டுக்கடன் எவ்வளவு, அப்பா குடிப்பாரா,
அக்காவுக்கு ஏன் இன்னும் குழந்தையில்லை,
எல்லாம் கேட்டிருக்கிறேன்.
எந்தச் சாமி என்று கேட்கவில்லை.

"சிவராத்திரிக்கு லீவு போட்டாச்சா?"
"போட்டாச்சு. உனக்கு?"
"எனக்கும்."
அவ்வளவுதான் பேசினோம்.

செக்கானூரணி தாண்டி, வெட்டவெளியில்,
பனையடி மாயன் கோயில்.
பெட்டி வந்து இறங்கி, சேகண்டி நின்றிருந்தது.
அவன் சட்டையில்லாமல், இடுப்பில் துண்டோடு,
கையில் தேங்காய்ப் பழத் தட்டோடு நின்றான்.
முழங்கை மடிப்பில் போன வாரம்
நான் ஊசி குத்திய இடம்
டியூப்லைட்டில் தெரிகிற மாதிரி இருந்தது.

வரி நோட்டை என் அப்பாதான் எழுதினார்.
தலைக்கட்டுக்கு எழுநூறு.
பதினோராம் வரியில் எங்கள் வீடு.
பதினான்காம் வரியில் அவன் அப்பா.
நடுவில் இருந்த இரண்டு பேர்
இன்னும் கட்டவில்லை.

"இது யாருன்னு தெரியுதா?
கம்பத்துச் சித்தப்பா மகன்.
உனக்கு அண்ணன் முறை."
சொன்ன பெரியப்பாவின் வாயில்
வெற்றிலை இருந்தது. சிரித்தார்.
நாங்களும் சிரித்தோம் என்று நினைக்கிறேன்.

விடிந்ததும் ஒரே கிடாயின் கறி
பனையோலைக் கொட்டானில் பங்காகி வந்தது.
அவன் வீட்டுக்கு ஒரு கூறு,
எங்கள் வீட்டுக்கு ஒரு கூறு.
எடை பார்த்துத்தான் வைத்தார்கள்.

தவசி என் மாமன் மகன்.
ஒரே அண்டாவில் எங்களைக் குளிப்பாட்டியிருக்கிறார்கள்.
அவன் மூக்கு அப்படியே என் அம்மா மூக்கு.
அவனைக் கட்டலாம்.
கட்டச் சொல்லி நாலு வருஷமாகக் கேட்கிறார்கள்.
இவன் முகத்தில் என் வீட்டு ஜாடை
ஒரு மயிரளவும் இல்லை.
எட்டுத் தலைமுறைக்கு முன்னால்
யாரோ இரண்டு பேர்
ஒரு அடுப்பைப் பிரித்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை நைட் டியூட்டியில்
சும்மா என் விரலைக் குத்திப் பார்த்தேன்.
ஓ பாசிட்டிவ்தான், எப்போதும் போல.
கூடப் பிறந்தவர்களுக்கே குரூப் மாறி வரும்.
அது எனக்குத் தெரியாதா,
படித்ததே அதைத்தானே.
இருந்தும் ஸ்லைடைக் கழுவாமல்
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

இதற்குள் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.
"மதுரையில ஒரு ஆம்பளைத் துணை ஆச்சு.
ராத்திரி ஷேர் ஆட்டோவுல எதுக்கு வர்றே?
அண்ணன் கொண்டாந்து விடட்டும்."
அவரே போன் போட்டுச் சொன்னார்.

இப்போது காளவாசல் சிக்னலில்
எல்லார் கண் முன்னாலும்
அவன் பைக்கில் உட்கார்ந்திருக்கிறேன்.
முன்பெல்லாம் ஹெல்மெட்டுக்குள்,
துப்பட்டாவுக்குள் ஒளிந்து போன ரோடு.
தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரர்
"அண்ணனா?" என்று கேட்டார்.
அப்பா முந்திக்கொண்டு தலையாட்டினார்.

நடுவில் என் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொள்கிறேன்.
அவன் இன்னும் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை.
பேரையும் சொல்வதில்லை.
"வேகத்தடை" என்கிறான்,
பிடித்துக்கொள்ளச் சொல்லும் இடங்களில்.
கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் அவன் ரத்தம் கொடுக்கிற முறை.
வேறு யாராவது குத்தட்டும் என்று
பவுன்தாயிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.
"ஏன், சண்டையா?" என்றாள்.
இல்லை, சொந்தம்.